வாக்காளர் அட்டை வீட்டில், வாக்காளர் சிறையில்: கைதிகளின் வாக்குரிமை கடந்துவந்த பாதை



இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது கடைசிவரை வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்தது. மஃரிப் தொழுதுவிட்டு வீடு திரும்பியபோது எமது பழைய மாணவன் ஒருவனின் உம்மா வாசலில் காத்துக்கொண்டிருந்தார். கையில் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன வாக்காளர் அட்டை.

"சேர், மகன்ட கார்ட் வந்திரிக்கி. அவன் உள்ளுக்குத்தானே இரிக்கான். இதக் கொண்டு போய்க் குடுத்தா ஜெயிலுக்குள்ள வோட் போட உடுவாங்களா?"

மகன் பல மாதங்களாக விளக்கமறியலில் இருந்தான். வழக்கு விசாரணைக்கே எடுக்கப்படவில்லை.

"ஏலா ராத்தா" என்றோம்.

"ஏன் சேர்? அவனுக்கு இன்னும் தீர்ப்பு வரல்லையே?"

வருடக்கணக்காக வரலாறும் குடியுரிமைக் கல்வியும் படிப்பிக்கிற எமக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. நாம் தேர்தல் கடமைக்குப் பெயர் வந்தவர்கள். செப்டம்பர் முதல் வாரத்திலேயே தபால் மூலம் வாக்களித்து முடித்திருந்தோம். அந்தப் பிள்ளையைப் பூட்டி வைத்திருக்கும் சிறைக்காவலருக்கும் தபால்மூல வாக்கு இருக்கிறது. பூட்டுக்கு உள்ளே இருப்பவனுக்குத்தான் இல்லை. அவனுடைய பெயர் இடாப்பில் இருக்கிறது, அட்டையும் வீடு தேடி வந்திருக்கிறது. பெட்டிதான் அவன் இருக்கும் இடத்துக்கு வராது.

அன்றிலிருந்து இந்த விடயத்தைத் தேடித் தேடி வாசித்தோம். எமது நாட்டில் மட்டும் உள்ள பிரச்சினை என்றுதான் முதலில் நினைத்தோம். பார்த்தால் உலகம் முழுக்க இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் மிக நெருக்கமாக எம்மைத் தொட்டது தென்னாபிரிக்காவின் கதை.

தென்னாபிரிக்கா எமக்குத் தூரத்து நாடு. ஆனால் அந்த நாட்டின் சிறை வரலாறும் எமது தீவின் வரலாறும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையும் நன்னம்பிக்கை முனையும் அவர்களுடைய நாடுகடத்தல் தலங்கள். ஜாவாவின் பந்தன் சுல்தானகத்தில் ஒல்லாந்தருக்கு எதிராக நின்ற மக்காசர் ஷெய்க் யூசுப் அவர்களைப் பிடித்து 1684இல் இலங்கைக்கு அனுப்பினார்கள். இங்கிருந்தும் அவருடைய செல்வாக்குப் பரவுவதைக் கண்டு 1694இல் இன்னும் தூரமாக, கேப்புக்கு, அனுப்பினார்கள். 1699இல் அங்கேயே வபாத்தானார். சுமார் ஒரு நூற்றாண்டு கழித்து, 1780இல், தீதோர் தீவைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ், மக்கள் 'துவான் குரு' என்று அழைத்தவர், ரொபன் தீவில் சிறை வைக்கப்பட்டார். அவர் நினைவிலிருந்தே குர்ஆனை எழுதியவர். விடுதலையானதும் கேப் டவுனில் மத்ரஸா தொடங்கினார். அந்த நகரின் முதலாவது பள்ளிவாசலும் அவரோடு சேர்ந்த வரலாறுதான்.

அதே ரொபன் தீவுக்குத்தான் 1964இல் நெல்சன் மண்டேலா ஆயுள் கைதியாகக் கொண்டுபோகப்பட்டார். மொத்தம் 27 வருடங்கள் சிறை. 1994 ஏப்ரல் 27ஆம் திகதி, தனது 75ஆவது வயதில், டேர்பனுக்கு அருகே இனாண்டாவில் ஒஹ்லாங்கே என்ற பாடசாலையில் வாழ்நாளில் முதற்தடவையாக வாக்களித்தார். நாட்டின் முதலாவது அனைவருக்குமான தேர்தல் அது.

அந்தத் தேர்தலுக்கு முன்பு சிறைகளில் என்ன நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. "எல்லோருக்கும் வாக்கு என்கிறீர்கள், எங்களுக்கு?" என்று கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். பல சிறைகளில் கலவரம் வெடித்தது. உயிர்களும் போயின. கடைசியில் கொலை, பாலியல் வல்லுறவு, பாரதூரமான கொள்ளை போன்ற குற்றங்களுக்காகத் தண்டனை அனுபவிப்பவர்களைத் தவிர மற்றக் கைதிகளுக்கு வாக்களிக்க வழி செய்யப்பட்டது.

பின்பு 1996இல் புதிய அரசியலமைப்பு வந்தது. வயதுவந்த ஒவ்வொரு பிரஜைக்கும் வாக்குரிமை உண்டு என்று அது சொன்னது. 'கைதியைத் தவிர' என்று எந்த இடத்திலும் இல்லை. பாராளுமன்றமும் கைதிகளை விலக்கி எந்தச் சட்டமும் இயற்றவில்லை.

1999 ஜூன் 2ஆம் திகதி அடுத்த தேர்தல். சிறைகளுக்குள் பதிவு செய்யவோ வாக்களிக்க விடவோ தேர்தல் ஆணைக்குழு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. சட்டம் பறிக்காத உரிமை இப்படிச் சும்மா இருந்தே பறிபோகப் பார்த்தது. தண்டனை பெற்ற ஒருவரும் விசாரணைக்காகக் காத்திருந்த ஒருவரும் நீதிமன்றம் போனார்கள். மேல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்களுடைய நிலைமைக்கு அவர்களே காரணம் என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம். எமது ஊர்த் தேநீர்க் கடையில் கேட்டாலும் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள்.

வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 1999 ஏப்ரல் 1ஆம் திகதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதியரசர் அல்பி சாக்ஸ். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நிறவெறி ஆட்சிக்காலத்தில், 1963இல், விசாரணையில்லாமல் 168 நாட்கள் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டவர் இவர். 1988இல் மொசாம்பிக்கின் மபுத்தோ நகரில் இவருடைய காருக்கு வைக்கப்பட்ட குண்டு வெடித்து வலது கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார். பூட்டப்பட்ட அறைக்குள் இருப்பது என்னவென்று புத்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர்.

அந்தத் தீர்ப்பில் எமக்குப் பிடித்த இடங்கள் மூன்று.

முதலாவது, வாக்கு என்பது ஒரு மனிதனின் கண்ணியத்துக்கு அடையாளம் என்று நீதிமன்றம் சொன்னது. பணக்காரனோ ஏழையோ, யாராக இருந்தாலும் ஒருவர் கணக்கில் எடுக்கப்படுகிறார் என்பதற்கு வாக்குத்தான் சாட்சி. நிறத்தை வைத்து ஒரு காலத்தில் வாக்குப் பறித்த நாடு அது. அப்படிப்பட்ட நாட்டில் இந்த வார்த்தைக்குப் பாரம் அதிகம்.

இரண்டாவது, ஒருவரை வாக்குரிமையிலிருந்து விலக்குவதென்றால் அதற்குப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் வேண்டும். ஒரு ஆணைக்குழு ஏற்பாடு செய்யாமல் விட்டதால் அந்த உரிமை இல்லாமல் போகக் கூடாது.

மூன்றாவது, 'சிறையில் தேர்தல் நடத்துவது கஷ்டம்' என்ற வாதத்துக்கு வந்த பதில். சிறையில் உள்ளவர்கள் எங்கும் ஓடிப்போக முடியாதவர்கள். ஒரே இடத்தில், ஒழுங்குக்குள், தினமும் எண்ணப்பட்டு மீண்டும் எண்ணப்பட்டு இருப்பவர்கள். அவர்களைப் பதிவு செய்து வாக்களிக்க விடுவதில் பெரிய சிரமம் இருக்காது என்ற கருத்தை நீதிமன்றம் முன்வைத்தது. தேர்தல் கடமை செய்த ஆசிரியர் எவருக்கும் இது விளங்கும். இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு 'இவர் இருக்கிறாரா, வெளிநாடு போய்விட்டாரா, மௌத்தாகிவிட்டாரா' என்று நாம் படும் பாடு சிறைக்குள் இல்லை. அங்கே இடாப்பு ஒவ்வொரு காலையும் சரிபார்க்கப்படுகிறது.

ஆணைக்குழு கைதிகளைப் பதிவு செய்து வாக்களிக்க நியாயமான ஏற்பாடு செய்ய வேண்டும், அதை எப்படிச் செய்யப்போகிறது என்பதை எழுத்தில் தாக்கல் செய்யவும் வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு மாதம்தான் இருந்தது. பதிவும் நடந்தது, ஜூன் 2இல் சிறைகளுக்குள் வாக்களிப்பும் நடந்தது.

கதை அங்கே முடியவில்லை. குற்றச்செயல்கள் பெருகி மக்கள் கோபத்தில் இருந்த காலம் அது. 2003இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தண்டப்பணம் கட்டி வெளியே வரும் தெரிவு இல்லாமல் சிறைத்தண்டனை பெற்றவர்களுக்கு இனி வாக்கில்லை என்றது. கைதிகளின் மறுவாழ்வுக்காக நீண்டகாலம் உழைத்துவரும் 'நிக்ரோ' என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. அரசு இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று செலவும் சிரமமும். மற்றது, கைதிகளுக்கு வாக்குக் கொடுத்தால் 'அரசு குற்றவாளிகளுக்கு இரக்கம் காட்டுகிறது' என்று மக்கள் நினைப்பார்கள் என்பது.

2004 மார்ச் 3ஆம் திகதி, தேர்தலுக்கு ஆறே வாரங்கள் இருந்தபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாதாக்கியது. தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதியரசர் ஆர்தர் சாஸ்கல்சன். மண்டேலாவுக்கு ஆயுள்தண்டனை விதிக்கப்பட்ட ரிவோனியா வழக்கில் எதிரிகளுக்காக வாதாடிய சட்டத்தரணிகளில் ஒருவர். விளக்கமறியல் கைதிகளுக்கும் தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களுக்கும் எப்படியும் பெட்டி கொண்டுபோகத்தானே போகிறீர்கள், அதே பெட்டியில் மற்றவர்களும் போட்டால் புதிதாக என்ன சிரமம் என்பது செலவு வாதத்துக்குக் கிடைத்த பதில். மக்கள் தவறாக விளங்கிக்கொள்வார்கள் என்ற பயத்துக்காக ஒருவரின் அடிப்படை உரிமையை எடுக்க முடியாது என்பது மற்ற வாதத்துக்கான பதில். இரண்டு நீதிபதிகள் மாறுபட்டு எழுதினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறுப்பில்லாமல் நடந்தவனுக்குத் தற்காலிகமாக உரிமையை நிறுத்தி வைப்பதில் நியாயம் இருக்கலாம் என்ற கருத்து அங்கும் இருந்தது.

இன்று தென்னாபிரிக்காவில் தேசியத் தேர்தல் நாளன்று ஒரு வாக்காளர் எந்தச் சிறையில் இருக்கிறாரோ அந்த இடத்திலேயே பதிவு செய்யப்பட்டவராகச் சட்டம் கருதுகிறது. ஒரு வரிச் சட்டம்தான். எவ்வளவு சிக்கலை அது அவிழ்த்துவிடுகிறது பாருங்கள். அந்த அரசியலமைப்பு நீதிமன்றத்தின் கட்டடமும் இப்போது ஜொஹன்னஸ்பேர்க்கின் பழைய கோட்டைச் சிறை இருந்த இடத்திலேயே நிற்கிறது. காந்தியும் மண்டேலாவும் வெவ்வேறு காலங்களில் அடைக்கப்பட்டிருந்த இடம் அது. 2004இல் திறந்தார்கள்.

மற்ற நாடுகளையும் சுருக்கமாகப் பார்ப்போம்.

கனடாவில் 1993இல் உச்ச நீதிமன்றம் கைதிகளின் வாக்குத் தடையை நீக்கியது. பாராளுமன்றம் விடவில்லை, இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களுக்கு மட்டும் தடை என்று மாற்றியது. 2002 ஒக்டோபரில் அதையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஐந்துக்கு நான்கு என்று மயிரிழையில் வந்த தீர்ப்பு. இப்போது அங்கே பொதுத்தேர்தல் நாளுக்கு முன்னதாகவே சிறைகளில் வாக்களிப்பு நடக்கிறது. கைதியின் வாக்கு சிறை இருக்கும் ஊரின் கணக்கில் சேராது, அவருடைய சொந்த ஊர்த் தொகுதிக்குப் போகும்.

அயர்லாந்தில் நீதிமன்றம் கட்டாயப்படுத்தவேயில்லை. 2006இல் பாராளுமன்றமே சட்டம் இயற்றிக் கைதிகளுக்குத் தபால்மூல வாக்கைக் கொடுத்தது. பெரிய எதிர்ப்பும் எழவில்லை.

பிரித்தானியா நேரெதிர். தண்டனை பெற்ற கைதிக்கு வாக்கில்லை என்பது அங்கே 1870ஆம் ஆண்டுச் சட்டக் காலத்து வழக்கம். 2005இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் எல்லோருக்கும் ஒரேயடியாகத் தடைபோடுவது தவறு என்றது. 2011இல் பிரித்தானிய மக்கள் சபை 234க்கு 22 என்ற வாக்குகளால் தடையை வைத்துக்கொள்ளவே விரும்பியது. பல வருட இழுபறிக்குப் பிறகு சிறிய சலுகை ஒன்றோடு விடயம் முடிக்கப்பட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு கடுமையான பிரித்தானியாவிலும் விளக்கமறியல் கைதிக்கு வாக்கு உண்டு.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. மெயின், வெர்மொன்ட் ஆகிய இரண்டு மாநிலங்களில் தண்டனை அனுபவிக்கும் கைதியும் வாக்களிக்கலாம். தெற்கு மாநிலங்களின் வரலாறோ கசப்பானது. அலபாமாவின் 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பு 'ஒழுக்கக்கேடான குற்றங்கள்' செய்தவர்களுக்கு வாக்கில்லை என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கறுப்பின மக்களை விலக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட வாசகம் அது என்று சொல்லி 1985இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும் அது யாரைத் தேடிப் போகிறது என்று பார்க்கவேண்டும் என்பதற்கு இது பாடம். அதே அமெரிக்காவில் சிக்காகோவின் குக் கவுண்டி சிறை, 2020 மார்ச்சில் வாக்கெடுப்பு நிலையமாகவே மாறியது. அங்கிருப்பவர்களில் பெரும்பாலானோர் வழக்குத் தீராமல் காத்திருப்பவர்கள். அதற்கு முன்பிருந்தே தன்னார்வலர்கள் சிறைக்குள் போய்ப் பதிவுப் படிவங்களை நிரப்ப உதவி வந்தார்கள்.

பக்கத்து இந்தியாவில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி சிறையிலோ பொலிஸ் காவலிலோ இருக்கும் எவரும் வாக்களிக்க முடியாது. விசாரணைக் கைதிக்கும் இதே நிலைதான். 1997இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. விதிவிலக்கு ஒன்று உண்டு. தடுப்புக்காவலில் இருப்பவர் தபால் மூலம் வாக்களிக்கலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாக்களிக்க முடியாத விசாரணைக் கைதி தேர்தலில் போட்டியிடலாம். 1977இல் ஜோர்ஜ் பெர்னாண்டஸ் சிறையிலிருந்தபடியே முசாபர்பூர் தொகுதியில் வென்றார். 2024இல் பாரமுல்லாவில் பொறியியலாளர் ரஷீத் சிறையிலிருந்து வென்றார்.

இனி எமது நாடு.

ஊரில் பரவலாக ஒரு எண்ணம் இருக்கிறது: 'உள்ளே போனால் வாக்குப் போய்விடும்.' இது பிழை. எமது அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய ஒரு குற்றத்துக்கு, நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்து, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை விதித்து, அதை அனுபவிப்பவருக்கும் அனுபவித்து முடித்து ஏழு வருடம் ஆகாதவருக்கும் வாக்கில்லை. மரண தண்டனைக் கைதிக்கும் இல்லை. வேறு சில தகுதியீனங்களும் அதில் உண்டு. ஆனால் விளக்கமறியலில் இருப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே அந்த உம்மாவின் கேள்வி நூறு வீதம் சரியான கேள்வி. தீர்ப்பு வராத அவருடைய மகனுடைய வாக்கைச் சட்டம் எடுக்கவில்லை. ஏற்பாடு இல்லாததுதான் எடுத்துவிட்டது. 1999இல் தென்னாபிரிக்காவில் இருந்த அதே நிலைமை. எமது சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பான்மையினர் விளக்கமறியல் கைதிகள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

2020 பொதுத்தேர்தலை நினைவிருக்கிறதா? மட்டக்களப்புச் சிறையில் விளக்கமறியலில் இருந்தபடியே ஒரு வேட்பாளர் வென்று பாராளுமன்றம் போனார். இரத்தினபுரியில் தேர்தலுக்குச் சில நாட்கள் முன் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவரும் வென்று, செப்டம்பரில் சபைக்கு அழைத்துவரப்பட்டுச் சத்தியப்பிரமாணம் செய்தார். யார் எவர் என்ற அரசியல் எமக்கு இங்கே வேண்டாம். சிறையிலிருந்து ஆளை வெளியே கொண்டுவந்து சபையில் அமர்த்த அரசிடம் வழி இருந்தது. அதே சிறைகளில் இடாப்பில் பெயருள்ள சாதாரண கைதி ஒரு புள்ளடி போட வழி இருக்கவில்லை.

எமது சமூகத்துக்கு இது வெறும் பொது அறிவு இல்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எத்தனை வீடுகளில் கதவு தட்டப்பட்டது என்று எமக்குத் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் வேறு சட்டங்களின் கீழும் பிடிக்கப்பட்டவர்களில் பலர் பின்னர் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலே வெளியே வந்தார்கள். அந்த வருட நவம்பர் 16இல் ஜனாதிபதித் தேர்தல். எமது சமூகத்தைப் பற்றியே பேசிப் பேசி நடந்த தேர்தல். உள்ளே இருந்த எமது பிள்ளைகளுக்கு அதில் ஒரு சொல் இருக்கவில்லை. பல வருடங்களாக விளக்கமறியலில் இருந்த தமிழ் இளைஞர்களுக்கும் எத்தனையோ தேர்தல்கள் இப்படித்தான் கடந்தன. சிங்களக் கிராமங்களிலிருந்து போயிருக்கும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பிணைக்குக் காசில்லாத ஏழை எந்த இனமாக இருந்தாலும் தேர்தல் நாளில் உள்ளேதான் இருப்பான். காசுள்ளவன் பிணையில் வந்து வரிசையில் நிற்பான். குற்றச்சாட்டு இருவருக்கும் ஒன்றாகவும் இருக்கலாம்.

'இதெல்லாம் நடைமுறைக்குச் சரிவராது' என்பவர்களுக்கு எமது நாட்டிலிருந்தே ஒரு உதாரணம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது சகோதரர்கள் புத்தளத்தில் கொட்டில்களில் வாழ்ந்தபோது அவர்களுடைய வாக்கு மன்னாருக்கும் வன்னிக்கும் உரியதாக இருந்தது. தேர்தல் அதிகாரிகள் புத்தளத்திலேயே அவர்களுக்கு வாக்கெடுப்பு நிலையங்கள் வைத்தார்கள். கொத்தணி நிலையம் என்ற சொல்லைப் புத்தளம் உறவுகள் மறந்திருக்க மாட்டார்கள். குறைபாடுகள் இருந்தன, பஸ் பிரச்சினைகள் இருந்தன, பெயர் விடுபட்ட அழுகைகளும் இருந்தன. ஆனாலும் ஒரு மாவட்டத்து வாக்கை இன்னொரு மாவட்டத்தில் போட வைத்து எண்ண வேண்டிய இடத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள். தபால்மூல வாக்கிலும் அதுதானே நடக்கிறது? அம்பாறையில் பதிவுள்ள ஆசிரியர் கண்டியில் கடமை செய்தால் அவருடைய வாக்குச்சீட்டு கண்டிக்கு வந்து திரும்பவும் அம்பாறைக்குப் போகிறது. சிறையும் அரச திணைக்களம் ஒன்றின் கீழ் இருக்கும் இடம்தான். தபால்மூல வாக்குச் சட்டத்தில் ஒரு வகையினரைச் சேர்ப்பதுதான் வேலை.

இந்த விடயத்தைச் சில நண்பர்களோடு பேசியபோது ஒருவர் கோபத்தோடு கேட்டார்: "ஐஸ் வித்து எங்கட பிள்ளைகள நாசமாக்கினவனுக்கும் வோட் குடுக்கச் சொல்றீங்களா?" அந்தக் கோபம் எமக்கு விளங்குகிறது. எமது வகுப்பறையிலிருந்து அந்தப் பழக்கத்தால் காணாமல் போன பிள்ளைகளின் பெயர்கள் எமக்கு மனப்பாடம். அவருக்கு நாம் சொன்னது இதுதான். விற்றவன் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லட்டும். சொன்ன பிறகு அவனுடைய வாக்கை நிறுத்தி வைக்க எமது சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. அது சரியா, கனடாவும் தென்னாபிரிக்காவும் போன வழி சரியா என்பதைத் தனியாகப் பேசலாம். எமக்கும் அதில் இன்னும் முடிவான கருத்து இல்லை. நாம் இப்போது கேட்பது தீர்ப்பு வராதவனைப் பற்றி. விசாரணை முடிந்து அவன் நிரபராதி என்று வெளியே வந்தால், போன தேர்தலை அவனுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

நண்பர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "யோசிப்பம்" என்றார். அது போதும்.

யூசுப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றில் ஒரு இடம் எமக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். செய்யாத குற்றத்துக்காக அவர்கள் சிறையில் இருந்தபோது, விடுதலையாகிப் போகும் தோழனிடம் தன்னைப் பற்றி எஜமானிடம் சொல்லும்படி கேட்டார்கள். போனவன் மறந்துவிட்டான். அவர்கள் இன்னும் சில வருடங்கள் சிறையில் இருந்தார்கள். வெளியே இருக்கும் நாமும் மறந்துபோகிறவர்கள்தான்.

சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை. ஆனால் எமது கையில் உள்ள சில வேலைகளையும் நாம் செய்வதில்லை.

ஒன்று: கிராம உத்தியோகத்தர் வருடாந்தம் வாக்காளர் பதிவுக்கு வரும்போது, விளக்கமறியலில் உள்ள பிள்ளையின் பெயரை வெட்கத்தில் விட்டுவிடாதீர்கள். 'அவன் இப்ப இங்க இல்ல' என்று மட்டும் சொன்னால் பெயர் போய்விடலாம். நிலைமையை மறைக்காமல் சொல்லி, பெயரை எப்படித் தொடர்வது என்று அவரிடமே கேளுங்கள். நாளை பிணை கிடைத்து வந்தாலும் இடாப்பில் பெயர் இல்லாவிட்டால் வாக்கு இல்லை.

இரண்டு: தண்டனை முடிந்து வந்து ஏழு வருடம் கடந்தவர்கள் எமது ஊரிலேயே இருக்கிறார்கள். உரிமை திரும்பியது அவர்களுக்கே தெரியாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த தண்டனை பெற்றவர்களும் தண்டப்பணம் மட்டும் கட்டியவர்களும்கூட 'எங்களுக்கு வோட் இல்ல' என்று நம்பிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அவர்களிடம் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள். நால்வர் முன்னிலையில் சொல்லிக் கூச்சப்படுத்த வேண்டாம்.

மூன்று: அடையாள அட்டை. உள்ளே போய் வந்தவர்களில் பலருக்கு அது தொலைந்திருக்கும். புதிதாக எடுக்கப் படிவம் நிரப்பவும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி எடுக்கவும் அலைய ஆள் இருக்காது. பள்ளிவாசல் நிர்வாகமும் எமது வாலிபர் அமைப்புகளும் வருடத்தில் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். படிவம் நிரப்ப ஆசிரியர்கள் நாம் வருகிறோம்.

நான்கு: வாக்குக் கேட்டு வீட்டுக்கு வரும் வேட்பாளரிடம் பாதை, கான், வேலைவாய்ப்புக் கேட்பதோடு இதையும் ஒரு தடவை கேளுங்கள்: 'விளக்கமறியலில் இருப்பவர்களுக்குத் தபால்மூல வாக்கு வாங்கித் தருவீர்களா?' பத்துப்பேர் கேட்டால் பதினோராவது வீட்டுக்குப் போகும்போது பதிலோடு போவார்.

அந்தப் பிள்ளை இன்னும் உள்ளேதான் இருக்கிறான். 2024 நவம்பரில் பொதுத்தேர்தல் வந்தது, 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. வாக்காளர் அட்டைகளை உம்மா குர்ஆன் வைக்கும் தட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார். ஒருநாள் காட்டினார். மூன்றும் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் இருந்தன.

அவனுக்காகவும் தீர்ப்புக்குக் காத்திருக்கும் எல்லோருக்காகவும் துஆச் செய்யுங்கள். உங்கள் குடும்பத்தில் இப்படி அனுபவம் இருந்தால், பெயர் குறிப்பிடாமல் கீழே எழுதுங்கள். பதிவு உதவி தேவைப்படுபவர்கள் உள்பெட்டியில் வாருங்கள்.

வஸ்ஸலாம்.